முடிச்சுக் கயிறு போன வழி

1892 பிப்ரவரி 8, திங்கள்

இதனால் ஆரணிப் பேட்டையிலும் சேவூர் முதலிய சுற்றுக் கிராமங்களிலும் வாழும் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: சேரி பொன்னுசாமியின் குமாரனும் மிஷன் பள்ளிக்கூடத்து மாணாக்கனுமாகிய ஏசுதாஸ், வயது பதினைந்து, என்பவனுடைய மேலுதட்டின் இடது கோடியில் இன்று விடியற்காலை ஒரு மயிர் முளைத்திருக்கிறது. எண்ணிக்கை ஒன்று. நிறம் கறுப்பு. மேற்படி மயிரை யாரும் பிடுங்கவோ, ஊதவோ, கேலி செய்யவோ கூடாது.

அறிவிப்பை முதலில் கேட்டவள் அக்கா சாரா. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். என் முகத்தை விளக்கண்டை இழுத்துப் பார்த்துவிட்டு, “கரிடா. திரியைத் தூண்டின கையால மூக்கைச் சொறிஞ்சிகினே” என்றாள். பொறாமை.

சின்னச் செய்தியும் ஒன்று உண்டு. போன மாதம் வந்த இன்ஸ்பெக்டர் எங்கள் வகுப்பில் தேம்ஸ் நதி எங்கே பிறக்கிறது என்று கேட்டார். எல்லாரும் சொன்னோம். நீங்கள் குடிக்கிற தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று கேட்டார். “குடத்தில்” என்று நான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். வாத்தியார் பவுல்துரை சிரிக்கவில்லை. அதன் பலன், இனி சனிக்கிழமைதோறும் வகுப்பு முழுவதும் ஊர் சுற்றித் தண்ணீரைப் படிக்க வேண்டுமாம். ஜூன் மாதம் இன்ஸ்பெக்டர் மறுபடி வருகிறார்.

என் ஒரு சொல்லால் முப்பது பேருக்கு சனிக்கிழமை போயிற்று. என்னை மாதிரி யார்?

பிப்ரவரி 13, சனி

வாத்தியார் ஒரு நீளக் கயிறு செய்திருக்கிறார். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முடிச்சு, நுனியில் ஒரு பழைய தராசுப் படிக்கல். கிணற்றுக்குள் விட்டு, கல் தண்ணீரில் முட்டுகிற வரை முடிச்சு எண்ண வேண்டும். முழம் வாத்தியாருடைய கை முழம். அவருக்குக் கை குட்டை. ஆகவே ஆரணிக் கிணறுகள் எல்லாம் இன்று ஒரே நாளில் ஆழமாகிவிட்டன.

போகும் வழியைப் பலகையில் எழுதினார். முதலில் கோயில் குளம். பிறகு நெசவுத்தெருக் கிணறு. பிறகு பள்ளிக்கூடக் கிணறு. கடைசியில் எங்கள் சேரிக் கிணறு.

“ஐயா, சேரியிலேருந்து ஆரம்பிச்சா எனக்கு நடை மிச்சமாச்சே” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தண்ணீர் மேலேயிருந்து கீழே போகும், ஏசுதாஸ். நாமும் அப்படியே போவோம்.”

“கயிறுமாங்க ஐயா?”

பெஞ்சுமேல் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வாத்தியார் தலையில் வழுக்கை நன்றாகத் தெரிகிறது.

நெசவுத்தெருவில் கயிறு இறக்கினவன் ராஜவேலு. அந்தத் தெருப் பிள்ளை, என் பெஞ்சுக்காரன். நான் கைப்பிடிச் சுவருக்கு ஐந்து எட்டுத் தள்ளி நின்று எழுத வேண்டும். “பதினாலு” என்று கத்தினான். அந்தப் பதினாலு காற்றில் வந்து என் சிலேட்டில் உட்கார்ந்தது. எண்ணுக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

சேரிக் கிணற்றில் நான் இறக்கினேன். பதினொன்று. அங்கே ராஜவேலு ஐந்து எட்டுத் தள்ளி நின்றான். கணக்கு நேர்.

இரண்டு கிணற்றுக்கும் நடுவில் ஒரு சந்தும் ஓர் ஆமணக்குக் கொல்லையும்தான். ஆனால் வாத்தியார் எங்களை ஊரைச் சுற்றி அழைத்துப் போனார்.

பிப்ரவரி 20, சனி

கயிறு மாட்டிக்கொண்டது.

போன வாரம் கடைசியாக அது சேரிக் கிணற்றில் நனைந்தது அல்லவா. இன்று நெசவுத்தெருவில் ராஜவேலுவின் அப்பா சடையப்பன் குறுக்கே வந்து நின்றார். பட்டுத்தறி நாலு வைத்திருக்கிறவர். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“வாத்தியாரே, இது அங்க போயிட்டு வந்த கயிறாச்சே.”

“ஒரு வாரம் வெயில்ல காஞ்சிருக்குங்க.”

“கயிறு காஞ்சிடும். போனது போனதுதானே.”

வாத்தியார் இதை யோசிக்கவே இல்லை. மேலிருந்து கீழே போனவர், அடுத்த வாரம் மறுபடி மேலே ஏற வேண்டும் என்பதை மறந்துவிட்டார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் நான் இரண்டு தடவைதான் சிரித்தேன்.

இனிமேல் இரண்டு கயிறு. மேல்கயிறு சடையப்பன் வீட்டிலேயே இருக்கும். கீழ்கயிறு பள்ளிக்கூட ஆணியில்.

பிப்ரவரி 29, திங்கள்

கல்யாணச் செய்தி. சனிக்கிழமை அளந்துவிட்டு ராஜவேலு மேல்கயிற்றைப் பள்ளிக்கூடத்திலேயே மறந்துவிட்டுப் போனான். இன்று காலை நான் சீக்கிரம் வந்து, இரண்டு கயிற்றின் நுனியையும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கும் வைத்து முடிந்துவிட்டேன். மாப்பிள்ளை மேல்கயிறு, பெண் கீழ்கயிறு.

வாத்தியார் பார்த்ததும் கதவைச் சாத்தினார். அவசர அவசரமாக அவிழ்த்தார். பிறகுதான் பிரம்பை எடுத்தார். அடி எனக்கு, சத்தியம் ராஜவேலுவுக்கு: “வீட்டில் சொல்லாதேப்பா.”

ராஜவேலு சொல்லவில்லை. அவன் நல்லவன். சிரிப்பை அடக்கியதில் அவனுக்கு விக்கல் வந்தது.

மார்ச் 12, சனி

அக்காவுக்கு ஆண் பிள்ளை. நான் மாமன். அந்தப் பயலுக்கு என் மூக்கு.

மார்ச் 26, சனி

பேஜார். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. படுத்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. வெயில் இப்போதே இப்படி.

நெசவுத்தெரு பதினேழு, சேரி பதினாலு. எங்கள் கிணற்றில் இப்போது வருவது தண்ணீர் பாதி, சேறு பாதி. பிள்ளைக்கு ஊற்ற, பெற்றவளுக்குக் குடிக்க, எல்லாம் நெசவுத்தெருத் தண்ணீர்தான். காலையில் சேரிப் பெண்கள் குடத்தோடு போய்ச் சந்து முனையில் நிற்பார்கள். அம்மா முதல் ஆளாக நிற்கிறாள். ராஜவேலுவின் அம்மா விருத்தாம்பாள் வீட்டு வேலை முடித்துவிட்டு வந்து, சேந்தி, தூக்கி, குடத்தில் ஊற்றுவாள். குடத்தில் தண்ணீரும் காதில் பேச்சும் ஒன்றாக விழும். “நேத்து ஏன் லேட்டு, உங்க வீட்டுக் குடம் ஓட்டையா, உம் மவனுக்கு நாக்கு நீளமாமே.” அந்த மகன் நான்தான். புகழ் பரவுகிறது.

இன்று அவள் வர வெயில் ஏறிவிட்டது. அத்தனை பேரும் நின்றார்கள். கிணறு பத்து எட்டு வைக்கிற தூரத்தில். தண்ணீர் அதில் சும்மா கிடக்கிறது. வாத்தியார் எங்களுக்கு நீர் ஆவியாவதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆவியாவதற்குக்கூட அது யாரையும் கேட்பதில்லை.

ஏதாவது செய்ய வேண்டும். என்ன என்று தெரியவில்லை. கால் துறுதுறு என்கிறது.

ஏப்ரல் 2, சனி

இன்று நடந்ததை எழுத இந்த இங்க்கு போதாது.

வாத்தியாருக்கு வயிறு சரியில்லை. “ஏசுதாஸ், நீயும் ராஜவேலுவுமாகப் போய் அளந்து வாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நான் கீழ்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலில் எங்கள் கிணற்றை அளந்தேன். பதினாலரை. பிறகு ராஜவேலுவைத் தேடிப் போனேன். சித்திரைக் கல்யாணச் சேலைகள், அவன் அப்பா தறியைவிட்டு எழ விடவில்லை. தெரு முழுக்கத் தறிச் சத்தம். வெளியே ஈ காக்கை இல்லை.

கிணறு இருந்தது. நான் இருந்தேன். என் தோளில் கீழ்கயிறு இருந்தது.

போனேன். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தேன். ஒவ்வொரு முடிச்சாக விட்டேன். இருபதாவது முடிச்சில் கல் தண்ணீரைத் தொட்டது. தொட்டதும் வானம் இடிந்து விழவில்லை. சாவதானமாக இழுத்துச் சுருட்டினேன். கை நடுங்கவில்லை. ஓர் இலை அசையவில்லை. ஒரு ஜீவன் பார்க்கவில்லை. புளியங்கொழுந்து மென்றுகொண்டே நடந்து வந்தேன், ராஜா மாதிரி.

“இருபதுங்க ஐயா” என்றேன். வாத்தியார் படுத்தபடியே எழுதிக்கொண்டார்.

சேரி ஏசுதாஸ் நெசவுத்தெருக் கிணற்றை அளந்தான். இதைத் தண்டோரா போட முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

ஏப்ரல் 9, சனி

இன்று ராஜவேலு மேல்கயிற்றால் அளந்தான். பதினெட்டு.

போன வாரம் இருபது, இந்த வாரம் பதினெட்டு. அதாவது, கொளுத்துகிற கோடையில், ஒரு பொட்டு மழை இல்லாமல், தண்ணீர் இரண்டு முழம் ஏறியிருக்கிறது. வாத்தியார் எண்ணை மூன்று தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “பிள்ளைகளே” என்றார். படவேட்டுப் பக்கம் மலையில் எங்கோ மழை பெய்து, அது ஆற்று மணலுக்கு அடியிலேயே நடந்து வந்து நெசவுத்தெருக் கிணற்றில் ஏறியிருக்கிறதாம். இன்ஸ்பெக்டருக்குக் காட்டப் பெரிய படம் வரையப் போகிறார்.

எனக்கு மோர் குடிக்க வேண்டும் போல இருந்தது.

ஏப்ரல் 12, செவ்வாய்

கமண்டல நதிக்குப் போனோம், வாத்தியாரின் மழையைத் தேட. நதி என்று பெயர். மணல்தான். வாத்தியார் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், செங்கடலைப் பிளக்கப் போகிறவர் மாதிரி. பிளக்கக் கடல் இல்லை.

அங்கங்கே ஊற்றுத் தோண்டிப் பார்த்தோம். நானும் ராஜவேலுவும் ஒரு குழி. முழங்கை ஆழத்தில் வர வேண்டிய தண்ணீர் இடுப்பு ஆழத்தில்தான் வந்தது. மழை வந்த அடையாளம் ஒன்றும் இல்லை. வாத்தியார் மட்டும் குனிந்து குனிந்து மணலை முகர்ந்துகொண்டிருந்தார்.

ராஜவேலு மண்ணை அள்ளிப் போட்டபடியே கேட்டான். “அன்னிக்கு நான் வர்ல. மேல்கயிறு எங்க வூட்லயே கீது. நீ எதை எறக்கினே?”

“கீழ்கயிறு.”

“யாரு எறக்கினாங்க?”

“நான்தான்.”

அவன் கை நின்றது. “எங்க கிணத்துலயா?”

“உங்க தண்ணி ஒண்ணும் கத்தலடா.”

மறுபடி இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டான். பிறகு, “பத்து நாளா குடிச்சிகினு கீறேன்” என்றான்.

“எப்டி கீது?”

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். “தண்ணி மாரியேதான் கீது.”

இரண்டு பேரும் சிரித்தோம். குழியில் ஊறினதை அவன் ஒரு கை அள்ளிக் குடித்தான், நான் ஒரு கை. எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

ஏப்ரல் 16, சனி

ராஜவேலுவின் கன்னத்தில் நாலு விரல் பதிந்திருக்கிறது.

நேற்று வீட்டில் அவன் அப்பா, சேரிக் குடம் வாளியில் இடிக்கிறது, அம்மா பார்த்து ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவன் அம்மாவுக்குப் பரிந்து, “குடம் இடிச்சா இன்னா? அவங்க கயிறே எறங்கி ரெண்டு வாரம் ஆச்சு. யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டுவிட்டான்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்திருக்கிறது.

“உம் பேரைச் சொல்லக்கூடாதுன்னுதான்டா பாத்தேன்” என்றான். “வேற யாரு பேரைச் சொல்றது?”

ஏப்ரல் 17, ஈஸ்டர்

பாட்டு பாடினேன். சத்தம் வரவில்லை. மாலையில் நெசவுத்தெருவில் கூட்டமாம்.

ஏப்ரல் 18, திங்கள்

கிணற்றை இறைக்கிறார்கள். அடி மண் தெரிகிற வரை இறைத்து, மஞ்சள் நீரும் கோமியமும் தெளித்து, புதுத் தண்ணீர் ஊறின பிறகுதான் அவர்கள் தொடுவார்கள். எங்களுக்கு இனி ஊற்றுவதில்லை. என் பெயரைப் பள்ளிக்கூடப் பதிவிலிருந்து அடித்தால் அப்போது பார்க்கலாம் என்று வாத்தியாரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

விடிந்ததிலிருந்து பத்துப் பேர் மாறி மாறிச் சேந்தினார்கள். கொட்டின தண்ணீர் சந்து வழியே சரிவில் ஓடி எங்கள் பக்கம் வந்தது. யாரோ பார்த்துவிட்டுக் கத்த, சேரியே ஓடியது. குடம், சட்டி, உரல், கன்றுக்குட்டித் தொட்டி, எல்லாவற்றிலும் பிடித்தார்கள். அம்மா முந்தானையால் மண்ணை வடிகட்டிப் பிடித்தாள். நாங்கள் தொட்டதால் கெட்டுப்போன தண்ணீர், எங்களிடமே வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் ஊற்றாமல், நிற்காமல், கேட்காமல் எங்களுக்குக் கிடைத்த நெசவுத்தெருத் தண்ணீர் இதுதான்.

பிள்ளைகள் அதில் குதித்தார்கள். நைனா மட்டும் வேடிக்கை பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 19, செவ்வாய்

காலையில் எங்கள் கிணற்றில் கயிறு விட்டேன். கல் நனையாமல் சேற்றில் போய்க் குந்தியது. முந்தாநாள் வரை அரைக் குடமாவது வந்தது. அவர்கள் அங்கே இறைக்க இறைக்க இங்கே இறங்கிவிட்டது.

வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார். “ரெண்டும் ஒரே தண்ணிதான் போலிருக்கு” என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துவிட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 20, புதன்

பிடித்து வைத்தது தீர்ந்தது. பிள்ளைக்கு இன்று குளியல் இல்லை. அழுகிறான். நான் கோமாளி முகம் காட்டினேன். இன்னும் அழுதான்.

ஏப்ரல் 21, வியாழன்

அம்மாவும் நைனாவும் சேவூரில் கூலிக்கு. அக்கா பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள். பெற்று நாற்பது நாள்தான். “நான் போறேன், நீ படு” என்றேன். “நீ போனா தண்ணி கொண்டாருவியா, வம்பு கொண்டாருவியா?” என்றாள். அக்கா என்னிடம் கோபித்துக் கத்தியிருந்தால் தேவலை. கூடவே குடம் தூக்கிப் போனேன்.

நெசவுத்தெருப் பெண்களும் அங்கேதான். அவர்கள் கிணறு இன்னும் சரியாக ஊறவில்லை. பட்டு நூலை அவிக்கத் தண்ணீர் இல்லாமல் இரண்டு நாளாகச் சாய அடுப்பும் எரியவில்லையாம். மேல்பக்கம் அவர்கள் குழி, ஒரு கூப்பிடு தூரம் தள்ளிக் கீழ்பக்கம் எங்கள் குழி. மணலிலும் தெரு போட்டாயிற்று.

நான் தோண்டத் தோண்டக் குழி சரிந்துகொண்டே வந்தது. அக்கா வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை கத்துகிறான். மேலேயிருந்து விருத்தாம்பாள் சொம்போடு இறங்கி வந்தாள். அக்கா பழக்கத்தில் குடத்தைத் தாழ்த்திப் பிடித்தாள். அவள் ஒரு சொம்பு ஊற்றினாள். போய் இன்னொன்று கொண்டுவந்தாள். மூன்றாவது தடவை வெறும் கையோடு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எத்தினி வாட்டி நடக்கிறது. என் ஊத்து தெளிஞ்சு கீது. போயி நீயே மொண்டுக்கோ.”

அக்கா நகரவில்லை.

“காது கேக்கலியா? கொழந்த கத்துது பாரு. ஜல்தி போ.”

அக்கா போனாள். மொண்டாள். குடம் நிறைந்தது. விருத்தாம்பாள் அந்தப் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்து, “நீதானே அந்தக் கயித்துக்காரன்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு.

அக்கா வந்த பிறகு அவள் மேலே போனாள். அந்த ஊற்றைத் தொடவில்லை. பக்கத்திலேயே புதிதாக ஒன்று தோண்ட ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 23, சனி

இன்று என் மூளைக்கு ஒரு மாலை போடலாம்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சடையப்பனும் தெருப் பெரியவர்கள் நாலு பேரும். விருத்தாம்பாள் இடுப்பில் காலிக் குடத்தோடு ஓரமாக. நைனா கைகட்டிக்கொண்டு. ஆற்று மணலில் அக்கா கண்ணை மூடி உட்கார்ந்தது எனக்கு நினைவில் வந்துகொண்டே இருந்தது. ஆகவே ராத்திரியே தீர்மானித்துவிட்டேன்: செய்த வீரத்தைச் செய்யவில்லை என்று சொல்லிவிடுவது.

“பையன் வாயால சொல்லட்டும்” என்றார் சடையப்பன். “எறக்குனியா, இல்லியா?”

“இல்லீங்க ஐயா.”

“எம் பையன்கிட்ட அளந்தேன்னு சொல்லிகீறியே?”

“அதுதாங்க ஐயா. சும்மா அளந்தேன்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். சடையப்பன் சிரிக்கவில்லை. “பயந்துகினு பொய் சொல்றான். பேரை அடிங்க வாத்தியாரே.”

அப்போது வாத்தியார் எழுந்தார். இன்ஸ்பெக்டருக்கு வரைந்த பெரிய படம் கையில். மலை, மழை, மணலுக்கு அடியில் நீல மையில் ஓடுகிற தண்ணீர். பத்து நாள் வேலை. அதை விரித்துக் காட்டவில்லை. சுருட்டியபடியே பிடித்துக்கொண்டு பேசினார்.

“பையன் இறக்கலைங்க. என் கணக்கே சாட்சி. மாசியிலேருந்து ரெண்டு கிணத்தையும் அளக்கிறோம். உங்களுது எப்பவும் மூணு முழம் அதிகம். பதினாலுன்னா பதினொண்ணு, பதினேழுன்னா பதினாலு. நீங்க இறைச்சப்பவும் ரெண்டும் ஒண்ணாவே இறங்கிச்சு. அந்த ஒரு நாள் மட்டும் அது பதினாலரை, உங்களுது இருபதுன்னு இவன் சொன்னான். அப்படி வராதுங்க. பதினேழரைதான் வரணும். கயிறு விட்டு எண்ணினவன் இருபதுன்னு சொல்லமாட்டான். மனசுல போட்ட எண்ணு.” படத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். “அதை நம்பி நான் ஒரு மழையே பெய்ய வெச்சேன். அதுவும் இல்லை.”

விருத்தாம்பாள்தான் கேட்டாள். “ரெண்டும் ஒண்ணா இறங்குதுன்னா, ரெண்டும் ஒரே தண்ணியா வாத்தியாரே?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேலேயிருந்து கீழே போகுதுங்கம்மா. உங்களுதுதான் அவங்களுக்குப் போகுது.”

“அங்கேருந்து இங்க வராதே?”

“அது... இன்னும் ஒரு கோடை பார்த்துட்டுத்தான் சொல்லணுங்க.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. சடையப்பன் சட்டென்று துண்டை உதறி எழுந்தார். “அதெல்லாம் பள்ளிக்கூடத்தோட வெச்சிக்குங்க. எறக்கலேன்னா சரி. திங்கக்கெழமைலேருந்து ஊத்தட்டும்.”

பள்ளிக்கூடமும் பிழைத்தது, தண்ணீரும் பிழைத்தது. என் ஒரு பொய்யால். வாத்தியார் அதை நிஜம் என்று நம்பிக் கணக்கு வேறு காட்டினார், பாவம். போகும்போது ராஜவேலு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

படத்தை வாத்தியார் அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

மே 7, சனி

தண்ணீர் ஊற்றுகிறார்கள். எங்கள் பெண்கள் சந்து முனையில் நிற்கிறார்கள். எல்லாம் முன் மாதிரியே. எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

மே 21, சனி

வகுப்பில் இன்று ஒரு குறும்பும் செய்யவில்லை. வாத்தியார் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூன் 11, சனி

மூன்று நாள் மழை. இன்ஸ்பெக்டர் ஜூலைக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்.

கீழ்கயிறு இப்போது எங்கள் வீட்டு விட்டத்தில் தொங்குகிறது, அக்கா பிள்ளைக்குத் தூளி. வாத்தியார் கேட்டுப் பார்த்தார். “அவன் எழுந்ததும் எடுத்துக்குங்க ஐயா” என்றாள் அக்கா. அவன் எழுந்தால் மறுபடி தூங்க வைக்க அதுதானே வேண்டும். ஆக, ஊரில் அளக்கிற கயிறு ஒன்றே ஒன்று.

மத்தியானம் ராஜவேலு மேல்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆமணக்குக் கொல்லை வழியாகவே எங்கள் கிணற்றுக்கு வந்தான். ஐந்து எட்டுத் தள்ளி நிற்கவில்லை. “எறக்கு” என்று கயிற்றை என் கையில் கொடுத்தான். இறக்கினேன். பதிமூன்று. கல் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அதே கொல்லை வழியே திரும்பினான். நான் பின்னாலேயே போனேன். அவன் சட்டை முதுகெல்லாம் ஈரம்.

அவர்கள் தெருவில் தறிச் சத்தம். வெளியே யாரும் இல்லை. அவன் கிணற்றண்டை போய், அந்த ஈரக் கயிற்றை அப்படியே விட்டான். ஒவ்வொரு முடிச்சாக. அவசரமே இல்லை.

“பதினாறு. எழுதிக்கோ.”

நான் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாடா முழிக்கிறே? மொதல்ல செஞ்சவன் நீ. நான் ரெண்டாவதுதானே.”

“ஆமாடா” என்றேன்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

ஏப்ரல் இரண்டாம் தேதி நான் அந்தக் கிணற்றண்டை போனது நிஜம். குனிந்தது நிஜம். நாலு முடிச்சு விட்டதும் நிஜம். அப்போது உள்ளே ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கயிற்றை வாரிச் சுருட்டிக்கொண்டு மாதா கோயில் புளியமரம் வரை ஓடினேன், திரும்பிப் பார்க்காமல். மூச்சு வாங்கும்போதுதான் புரிந்தது, தவளை. திரும்பிப் போயிருக்கலாம். தெருவில் அப்போதும் யாரும் இல்லை. போகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, இருபது என்று முடிவு பண்ணினேன். முழு எண், சொல்ல நன்றாக இருக்கும் என்று. புளியங்கொழுந்து மென்றது நிஜம்.

வாத்தியார் சொன்னது அத்தனையும் சரி. வேப்பமரத்தடியில் ‘இல்லீங்க ஐயா’ என்றதைப் பொய் என்று எழுதியிருக்கிறேனே, அதுதான் அன்றைக்கு நான் சொன்ன ஒரே நிஜம். எழுத ஆரம்பித்தாயிற்று, இதையும் எழுதுகிறேன்: பிப்ரவரி மாதத்து மயிர், கரிதான்.

ராஜவேலு தறிக்குப் போய்விட்டான். முதலில் செய்தவன் அவன்தான் என்று அவனுக்குத் தெரியாது.